மின்வாரியம் பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிறதே, இது சரியா? (அப்பா டெபாசிட் போட்டிருக்கிறார்)

கொங்குத் தம்பி:

வணக்கம். எனக்குக் கணக்கு வழக்கு சுத்தமாகத் தெரியாது, பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவன், அதனால் கேள்வி கோமாளித்தனமாக இருந்தாலும் திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

அப்பா கோபிச்செட்டிபாளையம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கால பணத்தில் ஒரு பகுதியை பவர்ஃபின்னில், அதாவது மின்விசை நிதி நிறுவனத்தில், டெபாசிட் போட்டிருக்கிறார். அரசு நிறுவனம், வங்கியை விட வட்டி கொஞ்சம் கூடுதல், கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் மின்வாரியத்துக்குத்தான் கடனாகப் போகிறது என்று போன வாரம்தான் எனக்குத் தெரியும். மின்வாரியக் கடனோ ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் என்கிறார்கள். அதோடு பழைய கடனைக் கட்டுவதற்கே புதுக்கடன் வாங்குகிறார்களாம். மாமா ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "கடனை வாங்கிக் கடனைக் கட்டினவன் கரையேறினதே இல்ல" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் சரியில்லை.

ஏன் ஒரேயடியாகக் கட்டி முடிக்காமல் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்? இது ஊரில் கந்துவட்டிக்காரரிடம் மாட்டியவர் செய்கிற வேலை மாதிரி இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லெட்ஜர்:

தம்பி, உங்கள் மாமா எப்போதாவது நகைக்கடன் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வைத்திருந்தால் ஒரு வருடம் முடிகிறபோது வங்கிக்குப் போய் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையைத் திருப்பி வைத்திருப்பார். அதுதான் ரீஃபைனான்ஸ். பக்கத்துத் தெரு வங்கியில் வட்டி ஒன்றரை சதவீதம் குறைவு என்று தெரிந்து அங்கே மாற்றி வைத்தாலும் ரீஃபைனான்ஸ்தான், கெட்டிக்காரத்தனமான வகை. கட்ட வட்டிப் பணமே இல்லாமல் வட்டியையும் அசலோடு சேர்த்துப் பெரிய தொகைக்குத் திருப்பி வைத்தால் அதுவும் ரீஃபைனான்ஸ்தான், ஆனால் அங்கேதான் நகை ஏலத்துக்குப் போகிற பாதை ஆரம்பிக்கிறது. மூன்றுக்கும் பெயர் ஒன்று என்பதால்தான் மாமா மாதிரி ஆட்கள் குழம்புகிறார்கள். மின்வாரியம் மூன்றையும் செய்திருக்கிறது.

நான் ஒரு தென்மாநில மின் கழகத்தில் (பெயர் வேண்டாம், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது) நிதிப் பிரிவில் பதினோரு வருடம் கடன் ரிஜிஸ்டர் எழுதியவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மின்சாரக் கம்பெனி கடனே இல்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பு. ஒரு அனல் மின் நிலையம் கட்டினால் 25 வருடம் ஓடும் என்பது கணக்கு. செலவில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் சொந்த முதலீடு என்று, மின் கட்டணத்தைத் தீர்மானிக்கிற ஒழுங்குமுறை ஆணையங்களே வைத்திருக்கிற அளவுகோல் இருக்கிறது. மத்திய ஆணையத்தின் கணக்கில், 2024 ஏப்ரலுக்கு முன் ஓடத் தொடங்கிய நிலையங்களின் இயந்திரத்துக்கு வருடம் 5.28 சதவீதம் தேய்மானம், முதல் 12 வருடத்துக்கு. பெருக்கிப் பாருங்கள், 63 சொச்சம் வரும். கிட்டத்தட்ட அந்த 70 சதவீதக் கடனுக்குச் சமம். இது தற்செயல் கிடையாது. தேய்மானம் என்ற பெயரில் கட்டணத்துக்குள் வருகிற பணத்தைத்தான் கடன் அசல் கட்டுகிற பணம் என்று ஆணையம் எடுத்துக்கொள்கிறது, வட்டி தனியாகக் கட்டணத்தில் ஏறுகிறது. அதாவது நாம் கட்டுகிற கரண்ட் பில்லிலேயே அந்தக் கடனின் தவணையும் இருக்கிறது. இந்த வகைக் கடன் எத்தனை ஆயிரம் கோடி இருந்தாலும் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசின் மின் உற்பத்திக் கம்பெனியான என்டிபிசிக்கு இல்லாத கடனா? உள்ளூரில் ட்ரிபிள் ஏ என்கிற உச்சக் கடன் தரம், அதனால் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள்.

பிரச்சினை வேறு இடத்தில். 2014 டிசம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் ஏறியது, அதற்கு அடுத்த பெரிய உயர்வு 2022 செப்டம்பர் 10 அன்றுதான். நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருடம். நிலக்கரி விலை எட்டு வருடம் நின்றதா? சம்பளம் நின்றதா? 2016 மே மாதம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வந்தது, அதற்கு அரசு மானியம் தருகிறது, சரி. ஆனால் ஒரு யூனிட் வாங்கிக் கொண்டுவந்து சேர்க்கிற செலவுக்கும் வசூலுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை எதை வைத்து மூடினார்கள்? கடனை வைத்து. அந்தக் கடனுக்குப் பின்னால் கொதிகலன் இல்லை, டவர் லைன் இல்லை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர்கூட இல்லை. எரிந்து போன நிலக்கரியின் சாம்பல்தான் இருக்கிறது. இயந்திரம் சம்பாதித்துக் கட்டாது, ஆணையமும் எல்லா வட்டியையும் கட்டணத்தில் ஏற்ற விடாது. அதைக் கட்ட ஒரே வழி இன்னொரு கடன்.

இதற்கு நல்ல உதாரணம் கொரோனா வருடம். 2020ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது, மின்துறைக்குக் கடன் கொடுக்கிற மத்திய நிறுவனங்களான பிஎஃப்சியும் ஆர்இசியும் மாநில மின் கழகங்களுக்குக் கடன் கொடுக்கும், அதை வைத்து மின்சாரம் விற்றவர்களின் பாக்கியை அடைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மட்டும் 30,000 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். பத்து வருடம் வரை தவணை, மாநில அரசு உத்தரவாதம். பாக்கி வரவேண்டியவர்கள் பிழைத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக் கணக்கில் யோசியுங்கள், போன வருடம் மளிகைக் கடையில் வாங்கிச் சாப்பிட்ட பாக்கியைப் பத்து வருட இஎம்ஐ ஆக்கியிருக்கிறோம். நீண்ட காலக் கடன் என்று பாலன்ஸ் ஷீட்டில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே இருப்பது அரிசி பருப்பு.

அதனால் "மொத்தக் கடன் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். எதற்காக வாங்கியது, எத்தனை வருடத் தவணை, என்ன வட்டி, எப்போது வட்டி மாறும் என்று கேளுங்கள். கைவலிக்கிறது, ரிஜிஸ்டர் கதையை மதியம் எழுதுகிறேன்.

கொங்குத் தம்பி:

சார், நகைக்கடனை வைத்துச் சொன்னதும் அப்பாவுக்கே புரிந்துவிட்டது. "சாம்பலுக்கு வட்டி" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். ஒரு சந்தேகம். உதய் என்று ஒரு திட்டம் வந்ததே, அதில் கடனை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது என்றார்களே? அப்புறம் எப்படி மறுபடியும் இவ்வளவு?

கவுன்டர் மூணு:

லெட்ஜர் சார் வருவதற்குள் இதை நான் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன்.

உதய், மத்திய அரசு 2015 நவம்பரில் அறிவித்தது. ஜெயலலிதா அரசு ரொம்ப நாள் சேரவில்லை, 2017 ஜனவரி 9 அன்றுதான் தமிழ்நாடு கையெழுத்துப் போட்டது. 2015 செப்டம்பர் 30 நிலவரப்படி கணக்கில் எடுத்த கடன் 30,420 கோடி. அதில் முக்கால் பங்கு, 22,815 கோடி, மாநில அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது. மீதி 7,605 கோடியை வட்டி குறைத்தோ அரசு உத்தரவாதத்தோடு பத்திரமாகவோ மாற்றுவது என்று ஏற்பாடு. வங்கிகள் மின்வாரியத்துக்குச் சொன்ன வட்டி ஒன்று, மாநில அரசு கடன் பத்திரம் போட்டால் சந்தை கேட்கிற வட்டி வேறு, அந்த இடைவெளி சுமார் 3 சதவீதம் என்று அப்போது சொன்னார்கள். 22,815 கோடிக்கு 3 சதவீதம் என்றால் வருடம் 680 கோடி சொச்சம் மிச்சம். கெட்டிக்காரத்தனமான மாற்றல்தான், சந்தேகம் இல்லை.

ஆனால் கடன் காணாமல் போகவில்லை, ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்குப் போயிற்று. பூட்டு மாறியது. கட்டுவது அதே தமிழ்நாட்டு ஆள்தான், கரண்ட் பில்லாகக் கட்டாமல் வரியாகக் கட்டுகிறார். அரசு அந்த 22,815 கோடியை ஒரேயடியாக மானியமாகக் கொடுக்காமல் முதலில் கடனாகக் காட்டி, ஐந்து வருடத்தில் வருடத்துக்கு 4,563 கோடி வீதம் மானியமாக மாற்றியது. இதற்குள் கட்டணம் நின்ற இடத்திலேயே நின்றதால் பள்ளம் மறுபடி விழுந்துவிட்டது.

இது முதல் தடவையும் கிடையாது. 2002-03 வாக்கில் மாநில மின்வாரியங்கள் மத்திய நிறுவனங்களுக்கு வைத்திருந்த பாக்கியை 8.5 சதவீத வட்டியில் மாநில அரசுப் பத்திரங்களாக மாற்றினார்கள். 2012ல் இன்னொரு மறுசீரமைப்பு, குறுகிய காலக் கடனில் பாதியை மாநில அரசு எடுத்துக்கொள்வது, பாதியை வங்கிகள் மூன்று வருடம் அசல் கேட்காமல் தள்ளி வைப்பது. தமிழ்நாடு அதிலும் சேர்ந்தது. அப்புறம் உதய். 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள் வந்து, மின் உற்பத்தியாளர் பாக்கியை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம் என்றார்கள், தமிழ்நாட்டுப் பாக்கி 17,000 கோடிக்கு மேல். இது பார்ப்பதற்குக் கடன் மாதிரியே இருக்காது, ஆனால் பாக்கி என்பதும் கடன்தானே. எங்கள் வங்கியில் ஒரு பெரியவர் சொல்வார், மின் கழகம் வந்து நின்றால் பழைய கோப்பைத் தூசி தட்டினால் போதும், தேதியை மட்டும் மாற்றினால் புது முன்மொழிவு தயார் என்று.

வங்கிக்காரனாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அரசு உத்தரவாதம் இருக்கிறது என்றால் கடன் கொடுக்கிறவர் கடன் வாங்குகிறவரின் கணக்கைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திட்டம் தேறுமா என்று ஆறு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் "அரசாணை இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. இந்தச் சோம்பேறித்தனத்தின் விலை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பழைய லெட்ஜர்:

கவுன்டர் மூணு சொன்னது எல்லாம் சரி. "பீரோ மாறியது" நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்.

ரிஜிஸ்டர் கதைக்கு வருகிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், நான் இருந்தபோது முதலில் நீள அட்டைப் புத்தகம், அப்புறம் எக்செல். ஒரு கடனுக்கு ஒரு வரி. யார் கொடுத்தது, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு அனுமதி, எவ்வளவு எடுத்தோம், வட்டி, அடுத்த தவணை தேதி, கடைசியில் ஒரு சின்ன கட்டம், வட்டி ரீசெட் தேதி. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் காசு இருக்கிறது. நீண்ட காலக் கடன் என்றால் 15 வருடத்துக்கும் ஒரே வட்டி என்று நினைப்பீர்கள். எங்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வட்டி புதிதாகத் தீர்மானமாகும். அந்தத் தேதியில் நமக்குப் பிடிக்காவிட்டால் அபராதம் இல்லாமல் முழுதாகக் கட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம். தேதி தாண்டினால் முன்கூட்டிக் கட்டுவதற்குத் தண்டம் உண்டு.

சின்ன கணக்கு. 1,000 கோடிக் கடன், 11 சதவீதம். வேறொருவர் 9.5க்குத் தயார். வருட மிச்சம் 15 கோடி. ரீசெட் தேதி தாண்டிப் போய் 2 சதவீதம் தண்டம் என்றால் 20 கோடி. அதாவது முதல் ஒரு வருடம் நாலு மாத மிச்சம் தண்டத்துக்கே சரி. அசல் குறையக் குறைய மிச்சமும் குறையும், அதனால் தவணை இன்னும் இரண்டே வருடம்தான் பாக்கி என்றால் மாற்றி வைப்பதில் அர்த்தமே இல்லை. பத்து வருடம் இருந்தால் தண்டம் கட்டியாவது ஓடிவிட வேண்டும். இதைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஒரு ஆள் ஒரு கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுப்பது, அவருடைய வாழ்நாள் சம்பளத்தை விட அதிகம்.

எங்களிடம் நடந்த ஒன்று. ஒரு பெரிய கடன், ரீசெட் தேதி ஒரு மார்ச் மாதம். ஒரு வங்கி குறைந்த வட்டிக்கு எழுத்தில் சம்மதம் தந்துவிட்டது. புதுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் வேண்டும், அதற்கு அரசாணை வேண்டும், அதற்குக் கோப்பு மேலே போனது. நிதித் துறையில் ஒரு கேள்வி கேட்டுத் திரும்பி வந்தது. கேள்வி என்ன தெரியுமா? இணைப்பு 4ல் பக்க எண் இல்லை. பக்க எண் போட்டு அனுப்பினோம், நடுவில் பட்ஜெட் கூட்டத்தொடர், கோப்பு கையெழுத்தாகி வரும்போது ஏப்ரல் இரண்டாவது வாரம். தேதி போச்சு. மூன்று வருடம் பழைய வட்டிதான் கட்டினோம். யாரும் திருடவில்லை, யார் மேலும் நடவடிக்கையும் இல்லை. இன்றைக்கும் எங்கேயாவது பக்க எண் இல்லாத தாளைப் பார்த்தால் பேனாவை எடுத்துவிடுவேன், வீட்டில் சிரிப்பார்கள்.

இன்னொரு விஷயம், காலப் பொருத்தம். 25 வருடம் ஓடுகிற இயந்திரத்துக்கு 7 வருடக் கடன் வாங்கினால் நல்ல இயந்திரமே உங்களைக் கடனாளியாக்கும், ஏனென்றால் அது சம்பாதிக்கிற வேகத்தை விடத் தவணை வேகமாக வரும். அப்போது தவணைக்காக ஒரு குறுகிய காலக் கடன், அதற்கு இன்னும் கூடுதல் வட்டி. கட்டி முடிக்கவே தாமதமானால் இன்னும் மோசம். உடன்குடியையும் எண்ணூரையும் பாருங்கள், எத்தனை வருடமாகக் கட்டுகிறார்கள். கட்டுமானம் முடிகிறவரை வட்டி சும்மா இருக்காது, அசலோடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு யூனிட்கூட எரியாத மின் நிலையம் ராத்திரி பகலாக வட்டி சாப்பிடும்.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து. தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது அடுத்துச் சொல்வதற்குள் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே தேம்ஸ் வாட்டர். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும், ஒரு கோடியே அறுபது லட்சம் பேருக்கு. 1989ல் தனியார்மயமாக்கியபோது பழைய கடனை எல்லாம் அரசு தள்ளுபடி செய்து கையில் கொடுத்தது. 2006 முதல் 2017 வரை மெக்குவாரி என்ற ஆஸ்திரேலிய நிதி நிறுவனத்தின் தலைமையில் ஒரு முதலீட்டாளர் கூட்டம் வைத்திருந்தது, அந்தக் காலத்தில் கடன் பல மடங்கு ஏறியது, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் போய்க்கொண்டிருந்தது. இப்போது கடன் 1,600 கோடி பவுண்டுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் விலைவாசியோடு கட்டிப்போட்ட கடன். விலைவாசி ஏறினால் அசலே ஏறும். தண்ணீர்க் கட்டணமும் விலைவாசியோடு ஏறும் என்பதால் இது பொருத்தமான ஏற்பாடு என்று புத்தகத்தில் சொல்வார்கள். 2022ல் விலைவாசி எகிறியபோது அசல் உடனே வீங்கியது. மின்சாரம், ரசாயனம், ஆள்கூலி எல்லாம் கூடவே எகிறின, கட்டணம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் போய், 300 கோடி பவுண்டு வரை அவசரக் கடனுக்கு அனுமதி வாங்கினார்கள். வட்டி 9.75 சதவீதம். தண்ணீர்க் கம்பெனி! வாடிக்கையாளர் ஓடிப்போக முடியாத, போட்டி இல்லாத தொழில், அதற்கு இந்த வட்டி. பணம் போட வரப்போகிறது என்று நினைத்த கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அதே வருடம் ஜூனில் விலகிக்கொண்டது. எனக்கு வருகிற பில்லைப் பிரித்துப் பார்க்கும்போது இதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வட்டி என்றுதான் தோன்றும்.

உங்கள் ஊரில் ஓட்டுக்காகக் கட்டணத்தை ஏற்றாமல் கடன் வாங்கினார்கள், எங்கள் ஊரில் ஈவுத்தொகை கொடுத்துக்கொண்டே கடன் வாங்கினார்கள். லெட்ஜர் ஐயா சொன்ன சாம்பல் இங்கேயும் உண்டு, நிறம்தான் வேறு.

கொங்குத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இப்போது அப்பாவின் கேள்விக்கு நேரடியாக யாராவது பதில் சொல்லுங்களேன். பணத்தை எடுக்கலாமா, விடலாமா?

கவுன்டர் மூணு:

எடு, விடு என்று இங்கே யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, வங்கியல்லாத நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது, அரசு நிறுவனமாக இருந்தாலும். அடுத்தது, அந்த நிறுவனம் கொடுத்திருக்கிற கடன் பெரும்பாலும் ஒரே இடத்துக்கு, மின்சாரத்துக்கு. நூறு பேருக்குக் கொடுத்து இரண்டு பேர் கட்டாவிட்டால் சமாளிக்கலாம், ஒரே ஆளுக்குக் கொடுத்தால் அந்த ஆளின் உடம்புதான் உங்கள் உடம்பு. மூன்றாவது, அந்த நிறுவனத்தின் முதலாளி மாநில அரசு, கடன் வாங்கியவரின் முதலாளியும் மாநில அரசு. தன் ஆசிரியர்களின் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் எந்த அரசும் ஊருக்குள் நடமாட முடியாது, இது என் சொந்தக் கருத்து. அதனால் பயந்து அலற வேண்டாம், ஆனால் முழு ஓய்வுப் பணத்தையும் ஒரே சட்டியில் வைக்கவும் வேண்டாம்.

நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2022க்குப் பிறகு ஜூலைக்கு ஜூலை விலைவாசியை ஒட்டிக் கட்டணம் திருத்துகிறார்கள், 2023ல் 2.18, 2024ல் 4.83, 2025ல் 3.16 சதவீதம். நஷ்டத்தை மாநில அரசு ஏற்றுப் பணம் தருகிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், கட்டணத்தில் ஏற்றாமல் வருடக்கணக்கில் தள்ளிவைத்த செலவுகளைக் கால வரம்பு வைத்துத் தீர்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. பழைய டான்ஜெட்கோவை, அதாவது நாம் மின்வாரியம் என்று சொல்கிற கம்பெனியை, 2024ல் மூன்றாகப் பிரித்து, உற்பத்தி தனி, பசுமை ஆற்றல் தனி, விநியோகம் தனி ஆக்கிவிட்டார்கள். இதில் பசுமைக் கம்பெனிக்கு மலிவாகக் கடன் கிடைக்கும் என்பது ஒரு கணக்கு, சாம்பல் கடன் கூடவே ஒட்டிக்கொண்டு வராமல் இருந்தால்.

கொங்குத் தம்பி:

நேற்று ராத்திரி இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு டெபாசிட் தை மாதம் முதிர்கிறது, அதில் பாதியை அஞ்சலகத்துக்கு மாற்றிக்கொள்கிறாராம், மீதி அங்கேயே இருக்கட்டும் என்றார். அந்த மாமாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் தேய்மானப் பாடம் எடுத்தார், பாவம் மாமா. அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறதே, அந்தச் செலவு லெட்ஜர் சார் ரிஜிஸ்டரில் எந்த வரியில் வரும்?

பழைய லெட்ஜர்:

தலைமையாசிரியர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார், வணக்கம் சொல்லுங்கள்.

எந்த வரியிலும் வராது. மத்திய அரசின் திட்டப்படி மீட்டரை வாங்கி மாட்டுவதற்கு ஒப்பந்தக்காரரே பணம் போடுவார், மின் கழகம் ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பல வருடம் கட்டிக்கொண்டு வரும். கடன் வாங்குகிறவர் அவர், தவணை கட்டுகிறவர் நாம். கடன் ரிஜிஸ்டரில் ஒரு எழுத்துக்கூட ஏறாது, செலவுக் கணக்கில் "சேவைக் கட்டணம்" என்று போகும்.